வாக்அவுட்டுக்கு முன் 10 நிமிடம்: ஏசிஎல்யு மாணவர் உரிமைப் பக்கம் எவ்வளவு கைகொடுக்கும்?

ஏசிஎல்யு என்று எல்லோரும் சொல்லும் அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஒன்றியம், தன் இணையதளத்தில் 'உங்கள் உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்' என்று ஒரு வரிசை வைத்திருக்கிறது. போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது, ஊர்வலத்துக்கு அனுமதி வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். அதில் அரசுப் பள்ளி மாணவர்களின் பேச்சு, சட்டை வாசகம், வாக்அவுட் (போராட்டமாக வகுப்பை விட்டு எழுந்து வெளியே போவது) பற்றிய பகுதிக்கான மதிப்புரை இது. காசு கிடையாது, பெயர் பதிய வேண்டாம், கேள்வி பதில் நடை. எட்டாம் வகுப்புப் பிள்ளை தானே படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம். தமிழில் இல்லை. நியூஜெர்சியின் எடிசனிலும் டெக்சாஸின் ஃப்ரிஸ்கோவிலும் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலும் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு யாராவது வாசித்துச் சொல்ல வேண்டியதுதான்.

மதிப்பெண்ணை முதலிலேயே போட்டுவிடலாம்: 5க்கு 4. சொல்லியிருப்பது சரி, பயமுறுத்தாமலும் வீரம் ஊட்டாமலும் சொல்லியிருக்கிறார்கள். குறைத்த 1 மதிப்பெண் எதற்கு என்றால், 50 மாநிலங்களுக்கும் சேர்த்து எழுதிய பக்கம் இது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் நாளைக்கு என்ன நடக்கும் என்பதைத் தீர்மானிக்கும் இரண்டு காகிதங்கள் இதற்கு வெளியே இருக்கின்றன. ஒன்று பள்ளி மாவட்டத்தின், அதாவது அந்த வட்டார அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்தின், ஸ்டூடன்ட் ஹேண்ட்புக் என்ற மாணவர் விதிப் புத்தகம். மற்றது மாநிலச் சட்டம். அந்த இரண்டும் கையில் இல்லாமல் இதை மட்டும் நம்பி வகுப்பை விட்டு எழுந்தால் பாதி வழியில் நிற்க வேண்டிவரும்.

எழுதியவர்களுக்கு விஷயம் தெரியுமா என்ற சந்தேகம் யாருக்கும் வர வேண்டாம். 1965இல் ஐயோவா மாநிலத்தின் டி மாயின் நகரில் கறுப்புப் பட்டை கட்டிய பிள்ளைகளின் வழக்கை நடத்தியது இவர்களுடைய ஐயோவா கிளை. 2021இல் ஸ்னாப்சாட் பதிவுக்காக சியர்லீடிங் (விளையாட்டுப் போட்டிகளில் உற்சாகமூட்டும்) அணியிலிருந்து நீக்கப்பட்ட பென்சில்வேனியா மாணவிக்காக உச்ச நீதிமன்றம் வரை போனதும் இவர்கள்தான். வழக்காடியவர்களே எழுதிய சுருக்கம் என்பதால் வார்த்தைகளை எண்ணித்தான் போட்டிருக்கிறார்கள்.

வாக்அவுட் பகுதி

இதற்காகத்தான் பெரும்பாலானவர்கள் இந்தப் பக்கத்தைத் தேடி வருகிறார்கள். பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: வகுப்பு நேரத்தில் வெளியே போனால் பள்ளி தண்டிக்கலாம். பள்ளிக்கு வருவது சட்டப்படி கட்டாயம் என்பதால், வராததற்கு நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் பள்ளிக்கு உண்டு. ஆனால் வேறு காரணத்துக்காக வகுப்பைக் கட் அடித்த பையனுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலான தண்டனையை, நீங்கள் அரசியல் பேசினீர்கள் என்பதற்காகக் கொடுக்கக் கூடாது. விடுபட்ட பாடத்தையும் தேர்வையும் மற்றவர்களைப் போலவே திரும்பச் செய்யும் வாய்ப்பும் உண்டு என்கிறார்கள்.

'கூடுதலான தண்டனை கூடாது' என்ற இந்த ஒரு வரிதான் மொத்தப் பக்கத்தின் சாரம். இந்த வரிக்கு நிரூபணம் வேண்டும் என்பதைத்தான் பக்கம் போதுமான அளவு அழுத்திச் சொல்லவில்லை. கூடுதல் என்றால் எதைவிடக் கூடுதல்? அதற்கு ஹேண்ட்புக்கைத் திறக்க வேண்டும்.

மாவட்டத்தின் தளத்திலேயே பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். நூறு பக்கத்துக்கு மேல் இருந்தாலும் மிரள வேண்டாம். தேட வேண்டியது ஐந்தே விஷயம். அனுமதியில்லாத விடுப்பு, அனுமதியில்லாமல் வகுப்பை விட்டுப் போவது, வளாகத்தை விட்டுப் போவது, கீழ்ப்படியாமை, பள்ளிக்கு இடையூறு. ஒவ்வொன்றுக்கும் முதல் தடவை என்ன, இரண்டாம் தடவை என்ன என்று அட்டவணை போட்டிருப்பார்கள். முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் எச்சரிக்கை, பெற்றோருக்கு போன், டிடென்ஷன் (பள்ளி நேரம் முடிந்தும் உட்கார வைப்பது) என்று லேசாகத்தான் இருக்கும். வளாகத்தை விட்டுப் போவது அதைவிடக் கனமானது. கடைசி இரண்டும்தான் வம்பு: அளவு சொல்லாமல் 'நிர்வாகத்தின் முடிவுப்படி' என்று திறந்துவிட்டிருப்பார்கள்.

சிக்கல் எழுவதும் அங்கேதான். 17 நிமிடம் மைதானத்தில் நின்றுவிட்டு வந்த மாணவியின் தாளில் 'விடுப்பு' என்று எழுதினால் டிடென்ஷன். அதையே 'கீழ்ப்படியாமை' என்று எழுதினால் சஸ்பென்ஷன். செயல் ஒன்றுதான், தலைப்பு மாறியதும் தண்டனை மாறிவிடுகிறது. அதனால் தண்டனைத் தாள் வந்ததும் பார்க்க வேண்டியது எத்தனை நாள் என்பதை அல்ல, எந்த விதி எண்ணின் கீழ் என்பதை. விதி எண் இல்லாமல் கொடுத்தால் மின்னஞ்சலில் கேளுங்கள். நேரில் கேட்டு வாய்மொழியாக வரும் பதில் காற்றோடு போய்விடும்.

ஹேண்ட்புக்கிலேயே வளாகத்தை விட்டுப் போனால் மூன்று நாள் சஸ்பென்ஷன் என்று எல்லோருக்கும் பொதுவாக அச்சிட்டிருந்தால் என்ன செய்வது? அப்போது உங்கள் பக்கம் வலு குறைவு. மூன்று நாள் கொடுத்தது பேச்சுக்காக என்று காட்ட முடியாது. கேட்டைத் தாண்டாமல் மைதானத்திலோ கொடிக்கம்பத்தடியிலோ நிற்பதற்கும், தாண்டிப் போவதற்கும் இருக்கும் வித்தியாசம் பல மாவட்டங்களில் இதுதான்.

2018ஐ நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஃப்ளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் பிப்ரவரி 14 அன்று 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மார்ச் 14 காலை 10 மணிக்கு நாடெங்கும் மாணவர்கள் 17 நிமிடம் வெளியே வந்து நின்றார்கள். அதற்கு முன்பே டெக்சாஸின் நீட்வில் மாவட்டக் கண்காணிப்பாளர், வெளியே போனால் ஒருவர் போனாலும் ஐம்பது பேர் போனாலும் மூன்று நாள் சஸ்பென்ஷன், பெற்றோர் கடிதமும் செல்லாது என்று அறிவித்தார். போராட்டம் நடப்பதற்கு முன்பே, போராட்டம் என்று பெயர் சொல்லி அறிவிக்கும் தண்டனையை ஹேண்ட்புக் அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கத்தின் அந்த ஒரு வரி எங்கே வேலை செய்யும் என்பது விளங்கும். அதே மார்ச்சில் ஆர்கன்சாவின் கிரீன்பிரையரில் வெளியே போன மூன்று மாணவர்களுக்கு மரப் பலகையால் அடி விழுந்தது. மாற்று, பள்ளிக்குள்ளேயே இரண்டு நாள் சஸ்பென்ஷன். பள்ளியில் அடிப்பது சில மாநிலங்களில் இன்னும் சட்டப்படி செல்லும் என்பது ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். உங்கள் மாவட்டத்தில் அது உண்டென்றால், அதற்குச் சம்மதமில்லை என்று எழுதிக்கொடுக்க வழி இருக்கிறதா என்று ஹேண்ட்புக்கில் பாருங்கள்.

மாநிலச் சட்டம் கைகொடுக்கும் இடமும் இங்கே உண்டு. கலிபோர்னியாவில் 2023 ஜனவரி முதல் நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவருக்குக் குடிமை அல்லது அரசியல் நிகழ்ச்சிக்காக ஆண்டுக்கு ஒரு நாள் அனுமதிக்கப்பட்ட விடுப்பு கட்டாயம். முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸ் மாவட்டம் 2020 ஜனவரியிலேயே 7 முதல் 12ஆம் வகுப்பு வரை இப்படி ஒரு நாளைக் கொடுத்தது. முன்கூட்டியே படிவம், பெற்றோர் கையெழுத்து. ஃப்ரீமான்ட்டில் இருக்கும் பிள்ளை இந்த ஒரு நாளைப் பயன்படுத்தினால் விடுப்புப் பிரச்சினையே எழாது. பொதுப் பக்கத்தில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் 'உங்கள் மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள்' என்று ஒரு பெட்டி வைத்திருந்தால் அந்த 1 மதிப்பெண்ணையும் கொடுத்திருக்கலாம்.

'இடையூறு' என்ற சொல்

பேச்சு, துண்டறிக்கை, பட்டன் (சட்டையில் குத்தும் வாசக பேட்ஜ்), சட்டை எல்லாவற்றுக்கும் பக்கம் சொல்லும் விதி ஒன்றுதான்: பள்ளி நடப்புக்கு இடையூறு செய்யாதவரை உரிமை உண்டு, எது இடையூறு என்பது சூழலைப் பொறுத்தது. சரிதான். ஆனால் சூழல் என்றால் என்னவென்று தெரியாத 14 வயதுப் பிள்ளைக்கு அந்த வரி எந்த உதவியும் செய்யாது. அதை அறிய மூன்று வழக்குகள் போதும்.

முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு வேலை பார்க்கும் போராட்டம் நமக்குப் புதிதில்லை; டி மாயினில் செய்ததும் ஏறக்குறைய அதுதான். 1965 டிசம்பரில், வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காக இரண்டு அங்குல அகலக் கறுப்புத் துணியைக் கையில் கட்டிக்கொண்டு வருவதாகச் சில மாணவர்கள் முடிவு செய்தார்கள். செய்தி கசிந்தது. டிசம்பர் 14 அன்று பிரின்சிபல்கள் கூடி, கறுப்புப் பட்டைக்குத் தடை போட்டார்கள். 13 வயது மேரி பெத் டிங்கர் 16ஆம் தேதி கட்டிக்கொண்டு போனார், அண்ணன் ஜான் மறுநாள். மொத்தம் ஐந்து பேர் சஸ்பெண்ட். 1969 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்று மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்பின் புகழ்பெற்ற வரியை, பள்ளி வாசலில் மாணவர்கள் தங்கள் உரிமையைக் கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை என்பதை, எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நடைமுறைக்கு உதவுவது அதற்குப் பின்னால் நீதிமன்றம் எண்ணிப் பார்த்த சில்லறை விவரங்கள். 18,000 மாணவர்கள் உள்ள மாவட்டத்தில் பட்டை கட்டியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. எந்த வகுப்பும் நிற்கவில்லை. வகுப்புக்கு வெளியே சில கோபப் பேச்சுகள், கைகலப்பு எதுவும் இல்லை. அதே பள்ளிகளில் தேர்தல் பட்டனுக்குத் தடையில்லை. நாஜிச் சின்னமாகக் கருதப்பட்ட ஜெர்மானிய இரும்புச் சிலுவையைக்கூடச் சிலர் அணிந்திருந்தார்கள். தடை ஒரு கருத்துக்கு மட்டும். இந்த நான்கும் உங்கள் பள்ளியில் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். சூழல் என்பது அவ்வளவுதான்.

இரண்டாவதும் மூன்றாவதும் இரட்டைப் பிள்ளைகள். 1966இல் ஒரே மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு மிசிசிப்பியிலிருந்து வந்தவை. இரண்டிலும் கறுப்பின மாணவர்கள், இரண்டிலும் வாக்குரிமை இயக்கத்தின் பட்டன்கள். ஃபிலடெல்ஃபியா என்ற சிற்றூர்ப் பள்ளியில் பிள்ளைகள் 'ஒருவருக்கு ஒரு வாக்கு' பட்டனைக் குத்திக்கொண்டு பேசாமல் வகுப்பில் உட்கார்ந்தார்கள், மாணவர்கள் ஜெயித்தார்கள். இசாக்வீனா கவுன்ட்டியில் வேண்டாம் என்றவர் சட்டையிலும் குத்திவிட்டார்கள், வகுப்பு நேரத்தில் நடையில் நின்று சத்தம் போட்டார்கள், ஜன்னல் வழியாகப் பட்டன்களை உள்ளே எறிந்தார்கள், பள்ளி ஜெயித்தது. பட்டனில் இருந்த கருத்து ஏறக்குறைய ஒன்றே. முடிவை மாற்றியது பட்டன் யார் கையிலிருந்து யார் சட்டைக்குப் போனது என்பதுதான்.

துண்டறிக்கை கொடுக்கும் பிள்ளைக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியது: கையை நீட்டலாம், திணிக்கக் கூடாது, காலை மணிக்கு முன்போ சாப்பாட்டு நேரத்திலோ கொடுக்கலாம், பாடம் நடக்கும்போது கூடாது, படிக்கட்டையும் வகுப்பு வாசலையும் மறிக்கக் கூடாது, மேசை மேல் கட்டாக வைத்துவிட்டுப் போனால் அது குப்பையாகி, குப்பை போட்டதாகத் தாள் வரும். இடத்தையும் நேரத்தையும் பள்ளி வரையறுக்கலாம். அந்த வரையறை விளையாட்டு அணி நிதி திரட்டும் நோட்டீஸுக்கும் உங்கள் நோட்டீஸுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தைப் பக்கம் மெதுவாகவே தொடுகிறது. இடையூறு நடந்து முடியும்வரை பள்ளி காத்திருக்க வேண்டியதில்லை. நடக்கும் என்று எதிர்பார்க்க நியாயமான காரணம் இருந்தால் போதும். கலிபோர்னியாவின் மோர்கன் ஹில்லில் 2010 மே 5, மெக்சிக்கர்களின் சின்கோ டி மாயோ கொண்டாட்டத்தன்று அமெரிக்கக் கொடி போட்ட சட்டையோடு வந்த மாணவர்களை, சட்டையைத் திருப்பிப் போடுங்கள் அல்லது வீட்டுக்குப் போங்கள் என்று பள்ளி சொன்னது. முந்தைய ஆண்டு அதே நாளில் தகராறு நடந்திருந்ததால் 2014இல் நீதிமன்றம் பள்ளியை ஆதரித்தது. அடிக்க வருகிறவனை அடக்காமல், பேசுகிறவன் வாயை மூடச் சொல்வதா என்று இந்தத் தீர்ப்பின் மேல் நியாயமான விமர்சனம் உண்டு. இருந்தாலும் அந்த வட்டாரத்தில் அதுதான் இப்போதைய சட்டம். பாலினம் பற்றிய வாசகம் போட்ட சட்டைக்கு மாசசூசெட்ஸ் பள்ளி ஒன்று தடை போட்டதையும் 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. இடதுசாரிப் பிள்ளைக்கு ஒரு சட்டம், வலதுசாரிப் பிள்ளைக்கு இன்னொன்று என்று எதுவும் இல்லை. உங்கள் பிள்ளைக்குப் பிடிக்காத வாசகத்துக்கும் இதே அளவுகோல்தான் என்பதை வீட்டில் பேசிவிடுவது நல்லது.

ஆபாசமான பேச்சு (1986), போதைப்பொருளை ஆதரிக்கும் பேனர் (2007) இரண்டுக்கும் இடையூறு என்ற கேள்வியே இல்லை, பள்ளி நேராகத் தடுக்கலாம். சுவரொட்டியில் கெட்ட வார்த்தை போட்டால் கவனம் கிடைக்கும் என்று நினைக்கும் பிள்ளை, எதிராளி கையில் சுலபமான காரணத்தைக் கொடுக்கிறது.

வீட்டிலிருந்து போடும் பதிவு

பள்ளி நேரத்துக்கு வெளியே, வளாகத்துக்கு வெளியே பேசுவதுதான் மிகப் பாதுகாப்பானது என்று பக்கம் சொல்கிறது. நல்ல அறிவுரை. இதைப் படிக்கும்போது 2021 ஜூன் 23 தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சியர்லீடிங்கின் முதன்மை அணியில் இடம் கிடைக்காமல் இளையோர் அணியில் போடப்பட்ட கோபத்தில் மாணவி ஒருவர் சனிக்கிழமை ஒரு கடையில் இருந்தபடி, நடுவிரலைக் காட்டும் படத்தோடு பள்ளியையும் அணியையும் திட்டி ஸ்னாப்சாட்டில் போட்டார். ஓராண்டு இளையோர் அணியிலிருந்தும் நீக்கினார்கள். 8க்கு 1 என்று மாணவி ஜெயித்தார். பள்ளியைப் பற்றியே பேசியிருந்தும் அது பாதுகாக்கப்பட்டது. ஆனால் மிரட்டல், குறிப்பிட்ட ஒரு ஆளைக் குறிவைக்கும் தொல்லை இவற்றில் பள்ளி தலையிடலாம் என்றும் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. 'இந்த ஸ்கூலைக் கொளுத்தணும்' என்று சிரிப்புக் குறியோடு போட்டாலும் அது மிரட்டலாகத்தான் கைக்கு வரும், போலீஸும் வரும்.

பதிவு போட்டது 2017, தீர்ப்பு 2021. அந்த மாணவி அதற்குள் கல்லூரிக்குப் போய்விட்டார். டிங்கர் வழக்கும் மூன்று ஆண்டுக்கு மேல். நீதிமன்றத்தில் ஜெயிப்பதை நம்பித் திட்டம் போடாதீர்கள். முதல் இரண்டு நாளில் பிரின்சிபல் அறையில் முடிவதுதான் பெரும்பாலான பிள்ளைகளின் வழக்கு.

அந்த இரண்டு நாள்

10 நாளோ அதற்கு மேலோ சஸ்பென்ஷன் என்றால் முறையான விசாரணைக்கும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும் உரிமை உண்டு என்கிறது பக்கம். அதற்குக் குறைவாக இருந்தால்? 1975இல் ஒஹையோ மாணவர்கள் ஜெயித்த வழக்குப்படி, ஒரு நாள் சஸ்பென்ஷனாக இருந்தாலும் மூன்று விஷயம் நடக்க வேண்டும்: குற்றச்சாட்டு என்னவென்று சொல்ல வேண்டும், மாணவர் மறுத்தால் என்ன ஆதாரம் என்று விளக்க வேண்டும், மாணவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். ஐந்து நிமிடப் பேச்சிலேயே இது முடிந்துவிடலாம், அதனால் அந்த ஐந்து நிமிடத்துக்குப் பிள்ளை தயாராக இருக்க வேண்டும்.

அறைக்குள் கூப்பிட்டதும் பெரும்பாலும் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து 'நடந்ததை எழுது' என்பார்கள். பிள்ளைகள் பயத்தில் இரண்டு பக்கம் எழுதி, யார் ஏற்பாடு செய்தது, யார் யார் வந்தார்கள் என்று ஊரையே எழுதிவிடுவார்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் செய்துவிட்டு எழுதுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லலாம். எழுதத்தான் வேண்டும் என்றால் தான் எங்கே நின்றேன், எத்தனை மணிக்குத் திரும்பினேன் என்பது போதும். பொய் மட்டும் எழுதக் கூடாது, அது தனிக் குற்றமாகிவிடும். போனைக் கேட்டால்: வகுப்பில் வெளியே எடுத்ததற்காக வாங்கி வைத்துக்கொள்ளலாம், திறந்து காட்டு என்றால் அது வேறு விஷயம், சம்மதமில்லை என்று சொல்லலாம். பிடுங்கினால் இழுக்க வேண்டாம். அறையில் சீருடைப் போலீஸ் இருந்தால், பெற்றோரும் வழக்கறிஞரும் வராமல் பேசமாட்டேன் என்பதைத் தவிர ஒரு வார்த்தை வேண்டாம்.

வீட்டில் பெரியவர்கள் செய்ய வேண்டியது அன்று ராத்திரியே ஒரு மின்னஞ்சல். எந்த விதி எண், என்ன ஆதாரம், மேல்முறையீட்டுக்குக் கடைசி நாள் எது, பாடங்களை எப்படி அனுப்புவீர்கள். நான்கு வரி போதும். கோபத்தைக் காட்ட வேண்டாம். அந்த அஞ்சல் பின்னால் மாவட்ட அதிகாரி மேசையில் வாசிக்கப்படும். கல்விப் பதிவுகள் பற்றிய கூட்டாட்சிச் சட்டம் ஃபெர்பா. அதன்படி பிள்ளையின் கோப்பைப் பார்க்க எழுதிக் கேட்டால் 45 நாளுக்குள் காட்ட வேண்டும். தவறாக இருப்பதைத் திருத்தக் கோரலாம், மறுத்தால் உங்கள் விளக்கத்தைக் கோப்பில் சேர்க்கச் சொல்லலாம்.

நம் வீடுகளில் அடுத்த கேள்வி காலேஜ்தான். பல கல்லூரிகளுக்கும் ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப், தன் பொது விண்ணப்பத்தில் பள்ளி ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கேள்வியை 2021 முதல் எடுத்துவிட்டது. தனித்தனிக் கல்லூரிகள் கேட்கலாம் என்பதால் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். 2018 நீட்வில் அறிவிப்புக்குப் பிறகு எம்ஐடி, யேல் உட்படப் பல கல்லூரிகள், அமைதியான போராட்டத்துக்காக வந்த தண்டனை சேர்க்கையைப் பாதிக்காது என்று வெளிப்படையாகவே சொன்னன.

விசா கவலையும் உண்டு. அரசுப் பள்ளிக்குள் பேச்சுரிமைக்குப் பாஸ்போர்ட் கேட்பதில்லை. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கும் டிங்கர் தீர்ப்பு பொருந்தும், டிடென்ஷனோ சஸ்பென்ஷனோ குற்றவியல் பதிவு ஆகாது. ஆனால் சாலையில் கைதானால் கதை மாறும். 2025இல் பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுத்த வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவர்கள் சிலரின் விசா ரத்தானது. குடியுரிமை இல்லாத குடும்பம் வளாகத்துக்கு வெளியே நடக்கும் போராட்டத்துக்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

கொடி வணக்க உறுதிமொழி சொல்லாமல் இருப்பது 1943இலிருந்தே உரிமை. டெக்சாஸிலும் ஃப்ளோரிடாவிலும் அதற்குப் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் இருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

தனியார் பள்ளிக்கு இந்தப் பக்கத்தில் உள்ள எதுவும் செல்லாது. விதிவிலக்கு கலிபோர்னியா, அங்கே மாநிலச் சட்டமே தனியார் உயர்நிலைப் பள்ளிகளுக்கும் பேச்சுரிமையை நீட்டியிருக்கிறது. மதக் கொள்கையோடு மோதினால் மதப் பள்ளிக்கு விலக்கு. அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளியை அரசுப் பள்ளியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

வேறு யாரிடம் கேட்கலாம்

பள்ளிப் பத்திரிகை விஷயம் என்றால் ஏசிஎல்யு பக்கத்தை மூடிவிட்டு நேராக ஸ்டூடன்ட் பிரஸ் லா சென்டருக்குப் போங்கள். 1974இலிருந்து இருக்கிறது, மாணவப் பத்திரிகையாளருக்கு இலவச சட்ட உதவி, தளத்தில் படிவத்தை நிரப்பினால் வழக்கறிஞர் பதில் சொல்வார். 1988இல் மிசௌரி ஹேசல்வுட் பள்ளி வழக்கில், பள்ளி நடத்தும் பத்திரிகையில் பிரின்சிபல் கத்தரி வைக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. கர்ப்பம், விவாகரத்து பற்றிய கட்டுரைகள் இருந்த இரண்டு பக்கங்களையே தூக்கியிருந்தார். அதை மாற்றி மாணவர் கையில் உரிமையைத் திருப்பிக் கொடுக்கும் சட்டங்கள் பல மாநிலங்களில் உள்ளன. கலிபோர்னியாவில் 1977 முதல். மாசசூசெட்ஸில் 1988 முதல். அங்கே பத்திரிகைக்கு மட்டும் என்று நிறுத்தாமல் பேச்சு, சின்னம், அமைதியாகக் கூடுவது வரை சேர்த்திருக்கிறார்கள். இந்த மையத்தின் குறை, பத்திரிகைக்குச் சம்பந்தமில்லாத வாக்அவுட் தண்டனைக்கு இவர்களிடம் போய்ப் பயனில்லை என்பது.

ஃபயர் என்ற பேச்சுரிமை அமைப்பு 1999இலிருந்து கல்லூரி வளாகங்களில் பெயர் வாங்கியது. 2022க்குப் பிறகு பள்ளிகளுக்குள்ளும் வந்திருக்கிறது. இன்ஸ்டாகிராம் மீம் மாதிரியான வழக்குகளில் ஆர்வம் காட்டுகிறார்கள், அங்கேயும் எழுதிப் போடலாம்.

ஏசிஎல்யுவின் மாநிலக் கிளைக்கும் உதவி கேட்டு எழுதலாம். வருகிற எல்லாப் புகாருக்கும் வழக்கறிஞர் கிடைக்கமாட்டார், பதிலுக்கு நாளும் ஆகும். மேல்முறையீட்டுத் தேதியை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். கிளையின் தளத்தில் அந்த மாநிலத்துக்கென்று தனி மாணவர் கையேடு இருந்தால், பொதுப் பக்கத்துக்கு முன்னால் அதைப் படியுங்கள்.

பக்கத்தை போனில் வைத்திருந்தால் போதாது, முதலில் பிடுங்கப்படுவது போன்தான். இரண்டு தாளில் அச்செடுத்து பையில் போடுங்கள். ஹேண்ட்புக்கின் அந்த ஐந்து விதிகளையும் அச்செடுக்கும்போது தேதி விழுகிற மாதிரி எடுங்கள், பிடிஎஃப்பையும் தனியாகச் சேமித்து வையுங்கள். நடு ஆண்டில் விதி மாறினால் பழைய பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். டி மாயின் பிரின்சிபல்கள் தடை போட்டது பட்டை வருவதற்கு இரண்டு நாள் முன்னால்.